வெள்ளி தங்கமானது எப்படி? அஞ்சு பாபி ஜார்ஜின் பதக்கக் கணக்கும் நீளம் தாண்டுதலின் விதிகளும்

இந்திய நீளம் தாண்டுதலைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் அஞ்சு பாபி ஜார்ஜின் பெயரும் உடன் வருகிறது. பெயர் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதோடு சேர்ந்து வரும் எண்கள்தான் வாசகரைக் குழப்புகின்றன. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அவர் ஆறாவதாக வந்தார் என்று ஒரு குறிப்பு சொல்கிறது, ஐந்தாவது என்று இன்னொன்று சொல்கிறது. 2005 செப்டம்பரில் மொனாக்கோவில் அவர் வெள்ளி வென்றதாக அந்த ஆண்டின் பத்திரிகைகளில் இருக்கிறது. அதே போட்டியில் தங்கம் வென்றவர் என்று இன்றைய பட்டியல்களில் இருக்கிறது. அதே ஆண்டு ஹெல்சிங்கியில் அவர் பிடித்த இடம் ஐந்தா, நான்கா என்பதிலும் இதே முரண்பாடு.

இவற்றில் எதுவும் அச்சுப்பிழை அல்ல. ஒவ்வொரு எண்ணும் அது எழுதப்பட்ட நாளில் சரியானதுதான். நீளம் தாண்டுதலில் ஒரு வீராங்கனைக்கு இரண்டு வகையான எண்கள் சேர்கின்றன. ஒன்று, மணலில் அளக்கப்பட்ட தூரம். அது நடுவர் எழுதிய நொடியிலேயே உறைந்துவிடுகிறது. மற்றொன்று, அந்தத் தூரத்துக்குக் கிடைத்த இடம். அது பல ஆண்டுகள் கழித்து ஓர் ஆய்வகத்தின் அறிக்கையால் மாறலாம். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் அஞ்சுவின் விளையாட்டு வாழ்க்கை முழுவதையும் தெளிவாகப் படிக்க முடியும். அதற்கு முன், அந்தத் தூரம் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

20 சென்டிமீட்டர் பலகை

நீளம் தாண்டுதலில் வீராங்கனை குறைந்தது 40 மீட்டர் நீளமுள்ள ஓடுபாதையில் ஓடி வந்து, மணற்குழிக்கு முன்னால் தரையோடு தரையாகப் பதிக்கப்பட்ட ஒரு வெள்ளைப் பலகையை மிதித்து எழும்புகிறார். பலகையின் அகலம், அதாவது ஓடும் திசையில் அதன் அளவு, 20 சென்டிமீட்டர். மணல் பக்கமாக இருக்கும் அதன் விளிம்புதான் தாவுகோடு. கால் அந்தக் கோட்டைத் தாண்டினால் ஃபவுல். சிவப்புக் கொடி உயரும், தூரம் அளக்கப்படாது.

அளவு எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கால் எழும்பிய இடத்திலிருந்து அல்ல, தாவுகோட்டிலிருந்துதான் அளக்கப்படுகிறது. ஷூவின் நுனி கோட்டுக்கு 12 சென்டிமீட்டர் பின்னால் இருந்தால், அந்த 12 சென்டிமீட்டரைத் தாண்டியும் அது கணக்கில் வராது. மறுமுனையில், மணலில் உடலின் எந்தப் பகுதியாவது தொட்ட இடங்களில் கோட்டுக்கு மிக அருகில் இருப்பதுதான் அளவுக்கு எடுத்துக்கொள்ளப்படும். குதிகால் ஏழு மீட்டரில் விழுந்து, பின்னால் சாய்ந்த கை ஆறரை மீட்டரில் மணலைத் தொட்டால், எழுதப்படுவது ஆறரை மீட்டர்தான். முழுச் சென்டிமீட்டராக வராத மிச்சம் கீழ்நோக்கியே வெட்டப்படுகிறது.

உலகத் தரத்து வீராங்கனை ஒருவர் பலகையை அடையும்போது நொடிக்கு 9 மீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருப்பார். அந்த வேகத்தில் 20 சென்டிமீட்டரைக் கடக்க ஏறக்குறைய நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு நேரமே ஆகும். ஓட்டத்தில் 20 எட்டுகள் இருப்பதாக வைத்துக்கொண்டால், எட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் கூடினாலே கடைசியில் கால் விழும் இடம் ஒரு பலகை அகலத்துக்குத் தள்ளிப்போய்விடும். எதிர்க்காற்று, ஈரமான பாதை, உடல் சோர்வு, பதற்றம் என எட்டின் நீளத்தை மாற்றும் காரணங்கள் ஏராளம். அதனால்தான் இந்த விளையாட்டில் வருடக்கணக்கான பயிற்சியின் பெரும்பகுதி தாவுவதற்கு அல்ல, ஓடிவந்து சரியான இடத்தில் கால் வைப்பதற்கே செலவாகிறது. போட்டிக்கு முன் வீரர்கள் ஓடுபாதையின் ஓரத்தில் டேப் ஒட்டி அடையாளம் வைப்பதும், ஒவ்வொரு தாவலுக்குப் பின்னும் பயிற்சியாளர் அரங்கிலிருந்து விரல்களால் சைகை காட்டுவதும் இதற்காகத்தான்.

பலகையில் கால் ஊன்றியிருக்கும் நேரம் ஏறத்தாழ நொடியின் எட்டில் ஒரு பங்கு. அதற்குள் முன்னோக்கிய வேகத்தில் ஒரு பகுதியை மேல்நோக்கிய வேகமாக மாற்றியாக வேண்டும். கல்லை எறிந்தால் 45 பாகையில் எறிவதுதான் அதிக தூரம் போகும் என்று பள்ளியில் படித்திருப்போம்; நீளம் தாண்டுபவர் எழும்பும் கோணமோ சுமார் 20 பாகைதான். 45 பாகையில் எழும்ப வேண்டுமானால் ஓட்டத்தின் வேகத்தைப் பெரிதும் இழக்க வேண்டும், அந்த இழப்புக்கு உயரம் ஈடாகாது. வேகத்தை எவ்வளவு குறைவாக இழந்து எவ்வளவு அதிகமாக எழும்புகிறார் என்பதில்தான் ஒருவரின் திறமை இருக்கிறது. காற்றில் கால்களைச் சுழற்றுவதும் கைகளை வீசுவதும் தூரத்தைக் கூட்டுவதற்கு அல்ல. எழும்பிய உடல் முன்னோக்கிக் கவிழ்வதைத் தடுத்து, கால்களை நீட்டி இறங்க வழி செய்வதற்கே.

ஃபவுல் விதியில் ஒரு மாற்றம் வந்திருப்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அஞ்சு போட்டியிட்ட காலத்தில் தாவுகோட்டுக்கு அப்பால் பிளாஸ்டிசின் என்ற களிமண் போன்ற பொருள் பூசிய பட்டை இருக்கும். அதில் ஷூவின் தடம் பதிந்ததா என்று நடுவர் குனிந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். சரிவாகப் பூசப்பட்ட பிளாஸ்டிசினுக்கு மேலே, அதைத் தொடாமல் ஷூவின் நுனி சற்று நீண்டிருந்தாலும் அந்தத் தாவல் செல்லும். 2021 நவம்பருக்குப் பிறகு அப்படி இல்லை. கோட்டுக்கு நேர் மேலே எழும்பும் கற்பனைச் சுவர் ஒன்றை ஷூவின் எந்தப் பகுதி தாண்டினாலும், தடம் பதியாவிட்டாலும், அது ஃபவுல்தான். ஆகவே இரண்டு காலத்துத் தூரங்களையும் ஒப்பிடும்போது, இன்றைய தலைமுறைக்குச் சில மில்லிமீட்டர் கூடுதல் கண்டிப்பு இருப்பதை நினைவில் வைக்க வேண்டும்.

காற்றும் சமநிலையும்

பின்காற்று உதவும் என்பதால் ஒவ்வொரு தாவலுக்கும் காற்றின் வேகம் அளக்கப்படுகிறது. வீராங்கனை தாவுகோட்டுக்கு 40 மீட்டர் முன்னால் உள்ள அடையாளத்தைக் கடக்கும் கணத்திலிருந்து 5 நொடிகளுக்குக் காற்றுமானி ஓடும். சராசரிப் பின்காற்று நொடிக்கு 2.0 மீட்டரைத் தாண்டினால் அந்தத் தூரம் சாதனையாகப் பதிவாகாது. ஆனால் அந்தப் போட்டியில் இடம் பிடிப்பதற்கு அது முழுமையாகச் செல்லும்.

இந்த இரட்டைக் கணக்கால் விந்தையான முடிவுகள் வருவதுண்டு. 1991இல் டோக்கியோ உலகப் போட்டியில் கார்ல் லூயிஸ் 8.91 மீட்டர் தாண்டினார். அதுவரை உலகச் சாதனையாக இருந்த பாப் பீமனின் 8.90ஐவிட அது அதிகம். காற்று எல்லை மீறியிருந்ததால் அது சாதனையாகவில்லை. அதே போட்டியில் மைக் பவல் அனுமதிக்கப்பட்ட காற்றில் 8.95 தாண்டி, தங்கத்தையும் சாதனையையும் எடுத்துக்கொண்டார். நமக்கு அருகில் ஓர் எடுத்துக்காட்டும் இருக்கிறது. 2022 ஏப்ரலில் கேரளத்தின் தேஞ்ஞிப்பலத்தில் நடந்த ஃபெடரேஷன் கோப்பையில் தூத்துக்குடி மாவட்டம் முதலூரைச் சேர்ந்த ஜெஸ்வின் ஆல்ட்ரின் 8.37 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். இரண்டாவதாக வந்த முரளி ஸ்ரீசங்கரின் 8.36 மீட்டர்தான் தேசியச் சாதனை ஆனது. ஜெஸ்வினின் தாவலில் காற்று எல்லையைத் தாண்டியிருந்தது, ஸ்ரீசங்கரின் தாவலில் தாண்டவில்லை. அடுத்த ஆண்டு மார்ச்சில் பெல்லாரியில் ஜெஸ்வின் அனுமதிக்கப்பட்ட காற்றிலேயே 8.42 மீட்டர் தாண்டித் தேசியச் சாதனையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார்.

இருவர் ஒரே தூரம் தாண்டினால் இரண்டாவது சிறந்த தாவல் முடிவு செய்யும். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் பஹாமாஸின் லாக்வான் நேர்னும் ஸ்ரீசங்கரும் 8.08 மீட்டர் தாண்டினார்கள். நேர்னின் இரண்டாவது சிறந்த தாவல் 7.98, ஸ்ரீசங்கருடையது 7.84; எனவே இந்தியாவுக்கு வெள்ளி.

சீரஞ்சிராவிலிருந்து பாரிஸ் வரை

அஞ்சு 1977 ஏப்ரல் 19 அன்று கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்தில், சங்கனாச்சேரிக்கு அருகே உள்ள சீரஞ்சிராவில் பிறந்தார். பள்ளிக் காலத்தில் பல நிகழ்வுகளில் போட்டியிட்டவர். ஏழு நிகழ்வுகள் அடங்கிய ஹெப்டத்லானிலும் பங்கேற்றிருக்கிறார். பிறகு தாண்டுதலில் நிலைத்தார். மும்முறைத் தாண்டுதலில் முன்னாள் தேசிய சாம்பியனான ராபர்ட் பாபி ஜார்ஜ் அவருடைய பயிற்சியாளரானார், கணவருமானார். கணுக்கால் காயத்தால் 2000 சிட்னி ஒலிம்பிக் கைவிட்டுப் போனது. நீளம் தாண்டுபவருக்குக் கணுக்கால்தான் முதலீடு. ஒவ்வொரு தாவலிலும் உடல் எடையின் பல மடங்கு விசையை அந்த ஒற்றை மூட்டு தாங்கியாக வேண்டும். 23 வயதில் அங்கே காயம் பட்டவர் அதன்பிறகு உலக மேடைக்கு வந்ததே பெரிது.

2002இல் மான்செஸ்டர் காமன்வெல்த்தில் வெண்கலமும் பூசான் ஆசியப் போட்டியில் தங்கமும் கிடைத்தன. 2003இல் அவரும் பாபியும் அமெரிக்கா சென்று, உலகச் சாதனையாளர் மைக் பவலிடம் பயிற்சி பெற்றார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் பாரிஸில் உலகத் தடகளப் போட்டி நடந்தது. பிரான்சின் யூனிஸ் பார்பர் 6.99 மீட்டர் தாண்டித் தங்கமும், ரஷ்யாவின் தத்யானா கோத்தோவா 6.74 மீட்டருடன் வெள்ளியும் வென்றார்கள். அஞ்சுவின் 6.70 மீட்டருக்கு வெண்கலம் கிடைத்தது. உலகத் தடகளப் போட்டியில் இந்தியா பெற்ற முதல் பதக்கம் அதுதான். 2022இல் யூஜினில் நீரஜ் சோப்ரா ஈட்டி எறிதலில் வெள்ளி வெல்லும்வரை, 19 ஆண்டுகள், அது ஒன்றே இந்தியாவின் பதக்கமாகவும் இருந்தது.

தான் ஒரே ஒரு சிறுநீரகத்துடன் இந்த உயரத்தை எட்டியதாகவும், வலி நிவாரணிகளே தனக்கு ஒவ்வாதவை என்றும் 2020இல் அவர் பொதுவெளியில் தெரிவித்தார். கணுக்கால் வலியோடு ஆண்டு முழுவதும் போட்டியிடும் ஒரு துறையில், வலி மாத்திரைகூட எடுக்க முடியாத உடலோடு அவர் இருந்தார் என்பதை, அடுத்து வரும் ஊக்கமருந்துக் கணக்குகளைப் படிக்கும்போது நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ஏதென்ஸ்: பதக்கமில்லாத மிகச் சிறந்த தாவல்

2004 ஆகஸ்ட் 27 அன்று ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் அஞ்சு 6.83 மீட்டர் தாண்டினார். பாரிஸில் பதக்கம் வாங்கிய தாவலைவிட 13 சென்டிமீட்டர் அதிகம். புதிய தேசியச் சாதனை. இருந்தும் அன்றைய முடிவுப் பட்டியலில் அவர் ஆறாவது.

காரணம், அந்த இறுதிப் போட்டியின் தரம். ரஷ்யாவின் தத்யானா லெபெதேவா 7.07 தாண்டித் தங்கம் வென்றார். அதே நாட்டின் இரினா சிமாகினாவும் கோத்தோவாவும் ஆளுக்கு 7.05 தாண்டி, இரண்டாவது சிறந்த தாவலின் அடிப்படையில் வெள்ளியும் வெண்கலமும் பிரித்துக்கொண்டார்கள். ஆஸ்திரேலியாவின் பிரான்வின் தாம்சன் நான்காவது. அமெரிக்காவின் மேரியன் ஜோன்ஸ் 6.85 மீட்டருடன் ஐந்தாவது.

அஞ்சுவுக்கும் வெண்கலத்துக்கும் இடையே இருந்தது 22 சென்டிமீட்டர். பலகையின் அகலத்தைவிடச் சற்றே அதிகம். இதே 6.83ஐ அவர் முந்தைய ஆண்டு பாரிஸில் தாண்டியிருந்தால் வெள்ளி கிடைத்திருக்கும். அடுத்த ஆண்டு ஹெல்சிங்கியில் தாண்டியிருந்தாலும் களத்தில் அது இரண்டாம் இடத்துக்குப் போதுமானது. பதக்கத்தை வைத்துப் பார்க்கும் பொதுநினைவு பாரிஸைப் போற்றுகிறது. தூரத்தை வைத்துப் பார்த்தால் ஏதென்ஸ்தான் அவருடைய மிகப் பெரிய நாள் என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆறாவது இடம் ஐந்தாவதானது 2007இல். அது எந்த ஆய்வகச் சோதனையாலும் நடந்ததல்ல. ஸ்டெராய்டு பயன்படுத்தியதை மேரியன் ஜோன்ஸ் அந்த ஆண்டு அக்டோபரில் ஒப்புக்கொண்டார். 2000 செப்டம்பர் 1 முதல் அவர் பெற்ற எல்லா முடிவுகளும் ரத்தாயின. சிட்னியில் அவர் வென்ற ஐந்து பதக்கங்களோடு, ஏதென்ஸின் ஐந்தாம் இடமும் போனது. அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் ஒரு படி மேலே ஏறினார்கள்.

மொனாக்கோ: ஒன்பது ஆண்டு கழித்து வந்த தங்கம்

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். 2005இல் அஞ்சு மொனாக்கோவில் பங்கேற்றது உலகத் தடகள சாம்பியன்ஷிப் அல்ல. அந்த சாம்பியன்ஷிப், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, நாடுகள் தங்கள் அணிகளை அனுப்பி நடப்பது. 2005இல் அது ஆகஸ்டில் ஹெல்சிங்கியில் நடந்தது. மொனாக்கோவில் நடந்தது உலகத் தடகள இறுதி என்ற பெயரில், ஒரு பருவம் முழுக்கச் சிறப்பாக ஆடியவர்களை மட்டும் தரவரிசைப்படி அழைத்து ஆண்டுதோறும் நடத்தப்பட்ட போட்டி. 2003இல் தொடங்கிய அது 2009க்குப் பிறகு நிறுத்தப்பட்டது. பெயர் ஒத்திருப்பதால் இரண்டையும் ஒன்றாகக் கருதி, அஞ்சுவை 'உலக சாம்பியன்' என்று எழுதுவது சரியல்ல. அதற்காக மொனாக்கோ முடிவு மதிப்பில் குறைந்ததும் அல்ல. அந்தப் பருவத்தின் மிகச் சிறந்தவர்கள்தான் அங்கே தாண்டினார்கள்.

ஹெல்சிங்கியில் அஞ்சு 6.66 மீட்டருடன் ஐந்தாவது, கோத்தோவா இரண்டாவது. ஒரு மாதம் கழித்து மொனாக்கோவில் கோத்தோவா முதலாவது; அஞ்சு 6.75 மீட்டருடன் இரண்டாவது. பிறகு நடந்தவை வரிசையாக இவை:

1. ஹெல்சிங்கியில் எடுக்கப்பட்ட சிறுநீர் மாதிரிகள் அன்றைய கருவிகளால் சோதிக்கப்பட்டு, பிறகு உறையவைத்துச் சேமிக்கப்பட்டன. ஒவ்வொரு மாதிரியும் ஏ, பி என இரண்டு புட்டிகளாகப் பிரித்து முத்திரையிடப்படும். ஏ புட்டியில் ஏதேனும் தென்பட்டால், வீரர் கேட்கும் பட்சத்தில் பி புட்டியைத் திறந்து உறுதி செய்வார்கள்.

2. அன்றைய உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளின்படி, மாதிரி எடுத்த நாளிலிருந்து எட்டு ஆண்டுகளுக்குள் நடவடிக்கை தொடங்கலாம். சோதனைக் கருவிகள் ஆண்டுக்கு ஆண்டு நுட்பமாகி வருவதால், 2005இல் கண்ணுக்குத் தப்பியது பின்னாளில் சிக்கலாம் என்ற எதிர்பார்ப்பில்தான் மாதிரிகள் காக்கப்படுகின்றன.

3. எட்டு ஆண்டுக் கெடு முடிவதற்குச் சில மாதங்களே இருந்தபோது, 2013 மார்ச்சில், மறுசோதனையில் சிக்கியவர்களின் பெயர்களைச் சர்வதேசத் தடகளக் கூட்டமைப்பு வெளியிட்டது. அதில் கோத்தோவாவின் பெயரும் இருந்தது.

4. மாதிரி எடுக்கப்பட்ட 2005 ஆகஸ்ட் 10 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அவருடைய முடிவுகள் ரத்து செய்யப்பட்டன.

நான்காவதில்தான் குழப்பத்துக்கான விடை இருக்கிறது. சிக்கியது ஹெல்சிங்கி மாதிரி. மாறியதோ மொனாக்கோ முடிவும் சேர்த்து. தவறு கண்டறியப்பட்ட நாளில் இருந்து அல்ல, மாதிரி கொடுத்த நாளில் இருந்து விதி கணக்குப் போடுகிறது. அந்தக் காலகட்டத்துக்குள் செப்டம்பரில் நடந்த மொனாக்கோ போட்டி விழுந்ததால் கோத்தோவாவின் முதலிடம் போய், 2014இல் அஞ்சு தங்கத்துக்கு உரியவராக அறிவிக்கப்பட்டார். ஹெல்சிங்கியில் பார்பர் வெள்ளிக்கும், கியூபாவின் யார்கெலிஸ் சவினே வெண்கலத்துக்கும் ஏறினார்கள், அஞ்சு நான்காவதானார். இரண்டாவது உலகப் பதக்கம் ஒரே ஓர் இடத்தில் தவறிப்போனது.

இந்தத் திருத்தத்தால் ஏடு நேராகிறது. ஆனால் 2005 செப்டம்பரில் மேடையின் உச்சிப் படியில் நின்று தேசிய கீதம் கேட்க வேண்டியவர் 37 வயதில், விளையாட்டை விட்டு ஒதுங்கிய பிறகு, ஒரு செய்தியாகவே அந்தத் தங்கத்தைப் பெற்றார். தங்கப் பதக்கம் ஒரு வீராங்கனைக்கு அடுத்த ஆண்டின் அழைப்புகளையும் விளம்பர ஒப்பந்தங்களையும் கொண்டுவரும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த போட்டிக்குள் நுழையும்போது மனத்தில் இருக்கும் உறுதியையும் தரும். அந்த மூன்றையும் எந்த மறுசோதனையாலும் திருப்பித் தர முடியாது. இது ஒருவருக்கு இழைக்கப்பட்ட அநீதி என்றே சொல்ல வேண்டும். 'பரவாயில்லை, கடைசியில் கிடைத்ததே' என்று கடந்துபோகக் கூடாது.

பாரிஸும் ஏதென்ஸும் ஏன் மாறவில்லை?

கோத்தோவா பாரிஸில் வெள்ளியும் ஏதென்ஸில் வெண்கலமும் வென்றவர். அவர் 2005இல் சிக்கினார் என்றால் அந்த இரண்டையும் ஏன் பறிக்கவில்லை என்ற கேள்வி அஞ்சுவைப் பற்றி எழுதப்படும் இடங்களிலெல்லாம் எழுகிறது. பதில் கசப்பானது, ஆனால் தெளிவானது. 2005 ஆகஸ்ட் மாதிரி அதற்கு முன்னால் நடந்த எதையும் நிரூபிப்பதில்லை. ஒரு நாள் தவறு செய்தவர் முந்தைய ஆண்டும் செய்திருப்பார் என்று ஊகிக்கலாம். ஊகத்தை வைத்துப் பதக்கத்தைப் பறிக்க விதியில் இடமில்லை. இந்தக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் நேர்மையான ஒருவரையும் ஊகத்தால் வீழ்த்திவிட முடியும் என்பதால், அது இருப்பதே நியாயம்.

ஏதென்ஸ் மாதிரிகளும் எட்டு ஆண்டுக் கெடு முடியும் தருணத்தில் மறுசோதனைக்கு எடுக்கப்பட்டன. அதன் விளைவாக 2012 டிசம்பரில் நான்கு தடகள வீரர்களின் பதக்கங்கள் பறிக்கப்பட்டன. நால்வரும் குண்டு, வட்டு, சங்கிலிக்குண்டு எறியும் பிரிவினர். பெண்கள் நீளம் தாண்டுதல் முடிவில் மாற்றம் வரவில்லை. கெடு கடந்ததும் அந்தக் கதவு மூடிக்கொண்டது.

அதே ஏதென்ஸில் தங்கம் வென்ற லெபெதேவாவின் பெயரும் பின்னாளில் இந்தப் பட்டியலில் வந்தது. அது 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் மாதிரி தொடர்பானது. மறுசோதனையில் ஸ்டெராய்டு தென்பட்டதால், பெய்ஜிங்கில் நீளம் தாண்டுதலிலும் மும்முறைத் தாண்டுதலிலும் அவர் வென்ற இரண்டு வெள்ளிகளும் 2017இல் பறிக்கப்பட்டன. நீளம் தாண்டுதல் வெள்ளி நைஜீரியாவின் பிளெஸ்ஸிங் ஒக்காக்பாரேவுக்குப் போனது. 2004இல் லெபெதேவா தாண்டிய 7.07 இன்றும் பட்டியலில் அப்படியே இருக்கிறது. விதியின் கண்ணில் ஒவ்வொரு மாதிரியும் தனித்தனி வழக்கு.

2015இல் நடைமுறைக்கு வந்த புதிய விதித்தொகுப்பு இந்தக் கெடுவைப் பத்து ஆண்டுகளாக நீட்டியது. இன்று தாண்டும் வீராங்கனைக்கு அஞ்சுவைவிட இரண்டு ஆண்டு கூடுதல் பாதுகாப்பு. அந்த இரண்டு ஆண்டு சிறிதல்ல. ஆனாலும் பத்து ஆண்டு கழித்து வரும் நீதி, வாழ்க்கையில் ஓடித் தாண்டும் பருவம் முடிந்த பிறகே வரும் நீதி.

பெய்ஜிங்: மூன்று சிவப்புக் கொடிகள்

2005இல் இன்சியோன் ஆசிய சாம்பியன்ஷிப்பில் தங்கமும் 2006 தோஹா ஆசியப் போட்டியில் வெள்ளியும் வென்ற அஞ்சுவுக்கு, 2008 பெய்ஜிங் கடைசி ஒலிம்பிக். தகுதிச் சுற்றில் ஒவ்வொருவருக்கும் மூன்று வாய்ப்பு. மூன்றிலும் ஃபவுல். முடிவுப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே தூரமே இல்லை.

பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு அது படுதோல்வி. பலகையின் கணக்கைத் தெரிந்தவருக்கு அது வேறு விதமாகத் தெரியும். மூன்றே வாய்ப்புள்ள தகுதிச் சுற்றில், இறுதிக்குப் போகும் தூரத்தை எட்ட வேண்டியவர் கோட்டுக்கு மிக அருகில் கால் வைத்தே ஆக வேண்டும். பின்னால் வைத்துப் பாதுகாப்பாகத் தாண்டினால் அளவு வரும், இடம் வராது. காயத்துடன் போன கால், எட்டுகளின் சீரைக் கெடுக்கிறது. கெட்ட சீர் முதல் தாவலில் ஃபவுலைத் தருகிறது. அந்த ஃபவுல் அடுத்த இரண்டிலும் நெருக்கடியைக் கூட்டுகிறது. உலகின் மிகச் சிறந்தவர்கள் பலருக்கும் இது நேர்ந்திருக்கிறது. ஏதென்ஸில் 6.83 தாண்டிய அதே கால்கள்தான் பெய்ஜிங்கிலும் ஓடின.

அவருக்குப் பின்

அஞ்சு 2016இல் பெங்களூருவில் தன் பெயரில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கி, இளம் பெண்களுக்குப் பயிற்சி அளிக்க முன்வந்தார். 2021இல் உலகத் தடகளக் கூட்டமைப்பு அவருக்கு ஆண்டின் சிறந்த பெண்மணி விருதை வழங்கியது. அது தாண்டிய தூரத்துக்கான விருதல்ல, பெண்களை விளையாட்டுக்குக் கொண்டுவந்த பணிக்கானது.

அந்த அறக்கட்டளையில் பாபியிடம் பயிற்சி பெற்ற, உத்தரப் பிரதேசத்தின் ஜான்சியைச் சேர்ந்த ஷைலி சிங், 2021 ஆகஸ்டில் நைரோபியில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் 6.59 மீட்டர் தாண்டி வெள்ளி வென்றார். தங்கம் வென்ற ஸ்வீடனின் மாயா ஓஸ்காக் தாண்டியது 6.60. அப்போது ஷைலிக்கு வயது 17. இரண்டு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரலில் பெங்களூருவில் அவர் 6.76 மீட்டர் தாண்டினார். அஞ்சுவுக்கு அடுத்தபடியாக அதுவரை இந்தியப் பெண் ஒருவர் எட்டிய மிக அதிகத் தூரம் அது. ஏதென்ஸின் 6.83க்கும் அதற்கும் இடையே 7 சென்டிமீட்டர். பலகையில் மூன்றில் ஒரு பங்கு.